சுவர் நனையாமல் தேய்த்த படிக்கட்டு

மேஸ்திரி வேடியப்பன் பொய் சொன்னார். மேடையில் நின்று, கழுத்தில் மாலையோடு, மைக்கில் சொன்னார். "என்கிட்ட வேலை செஞ்ச ஒருத்தருக்கும் கல்லுத் தூசியால ஒண்ணும் ஆனதில்லீங்க. கெட்ட பழக்கம் இருந்தவங்களுக்குத்தான் நெஞ்சு கெட்டுச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். கெட்ட பழக்கம் என்று அவர் சொன்னது எங்கள் குழுவில் கல் தேய்த்த மாதையனை. மாதையன் செத்துவிட்டான். எழுந்து நின்று இல்லை என்று சொல்ல அவனால் முடியாது.

தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல் வேலைக்காரர்களின் கூட்டம் நடந்தது. வீட்டுக்குள் போட்ட கிரானைட், மார்பிள், கடப்பாக் கல்லை எப்படிப் பராமரிப்பது என்று மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என் பெயர் கோவிந்தம்மாள். பாலிஷ் மிஷின் போகாத மூலைகளையும் சுவர் ஓரங்களையும் கையால் தேய்த்தவள். முட்டி இரண்டும் போனபின் வேலையை விட்டுவிட்டேன். கூட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் எழுந்து, "தூசிக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டார். அதற்குத்தான் மேஸ்திரி மேலே சொன்ன பதிலைச் சொன்னார். நான் எழுந்து மைக் கேட்டேன். "சாப்பாடு ரெடிங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் கேட்டது கல் பராமரிப்பு பற்றி. வீட்டுக்காரர்கள் படிப்பார்களாம். சரி, அதை முதலில் சொல்லித் தொலைக்கிறேன். மார்பிள் மேல் எலுமிச்சை, புளி, தயிர் சிந்தினால் உடனே துடையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அதன் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். மங்கலாகத் தெரிவது கறை இல்லை. கல்லின் மேல்தோலைப் புளிப்பு தின்றுவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது, மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். கடப்பாவுக்கும் இதே கதைதான். கிரானைட்டைப் புளிப்பு அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஆனால் எண்ணெய் குடிக்கும். பூஜை அறையில் விளக்குக்குக் கீழே தட்டு வையுங்கள். எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடா மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள். போகாவிட்டால் மறுபடி செய்யுங்கள். தரையை ஈரத்துணியால் துடைக்கும் முன் உலர்ந்த துணியால் மண்ணைத் தள்ளுங்கள். காலில் ஒட்டி வரும் மண்தான் கல்லைக் கீறுகிறது. வழவழப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அழுக்குதான் சேரும். அவ்வளவுதான். இதற்கு மேல் கல்லுக்கு ஒன்றும் தேவையில்லை.

மேஸ்திரியும் இதையேதான் மேடையில் சொன்னார். அழகாகச் சொன்னார். கல்லுக்கு எதெது ஆகாது என்று அவருக்கு ஒன்று விடாமல் தெரியும்.

நான் கல்யாணமாகி பாப்பாரப்பட்டிக்கு வந்தவள். மேஸ்திரியின் குழுவில் முதலில் சேறு வாரினேன். மிஷின் தேய்க்கும்போது கல்லும் தண்ணீரும் சேர்ந்து பால்போல் ஒரு சேறு வரும். அதை ரப்பரால் தள்ளி வாளியில் அள்ள வேண்டும். பிறகு கல்லில் இருக்கும் ஊசி ஓட்டைகளைக் கலர் சிமெண்டால் அடைக்கக் கற்றேன். பிறகு கைக்கல் கொடுத்தார்கள். கைக்கல் என்பது சொரசொரப்பான தேய்ப்புக்கட்டி. முதலில் முரடு, பிறகு அதைவிட நயம், பிறகு இன்னும் நயம் என்று மாற்றி மாற்றி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, குந்தியபடி தேய்க்க வேண்டும். நடுவில் ஒரு கட்டியை விட்டுத் தாண்டினால் முன்னால் விழுந்த கீறல் கடைசிவரை போகாது. இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய அறிவு வேண்டாம். கையும் முட்டியும் போதும்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யாரையும் 'டா' போட்டுக் கூப்பிட மாட்டார். ஆண்களை 'சாமி' என்பார், பெண்களைக் 'கண்ணு' என்பார். வேலைக்கு வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தரை முழுக்க வெறுங்காலால் ஒரு நடை நடப்பார். எந்த இடத்தில் கல் ஏறி நிற்கிறது, எங்கே பள்ளம் என்று குதிகாலை வைத்துச் சொல்வார். பாலிஷ் முடிந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்லி, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்துப் பார்ப்பார். ஒரு கீறல் தெரிந்தால் கத்த மாட்டார். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "கண்ணு, இங்க ஒரு தடவை வந்துட்டுப் போ" என்பார். என் கை கிழிந்தபோது தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வருவார், சாவுக்கும் வருவார். மாதையன் மகள் செல்விக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்ததே அவர்தான். மாப்பிள்ளையின் அப்பா கல் கடை வைத்திருப்பவர், மேஸ்திரிக்கு ரொம்ப நாள் பழக்கம். மேஸ்திரி சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

அவர் வாயில் வராத வார்த்தை ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர்கள் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார். "முடியாதுங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மாதையன் சித்தேரிக்காரன். மலையில் சாமை விதைத்தவன். பஸ்ஸை விட்டுவிட்டால் நடந்தே மலை ஏறிவிடுவேன் என்பான், ஏறியும் விடுவான். கல்லை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் கிரைண்டரை எடுத்தால் அவன் கை நடுங்காது. கிரானைட் பலகையின் முன்விளிம்பைக் கூர் போக உருட்டுவதில் எங்கள் குழுவில் அவனுக்கு மேல் ஆள் இல்லை. அந்த வேலையை எப்போதும் வெளியே, மரத்தடியில்தான் செய்வோம். பலகையைக் கட்டை மேல் சாய்த்து வைப்போம். மாதையன் தேய்ப்பான், நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பேன். தூசி எழும்பாது, சேறாகிக் கீழே ஓடிவிடும். விளிம்பு உருண்டபின்தான் பலகை வீட்டுக்குள் போகும். அதற்குப்பின்தான் சுவருக்குப் பெயிண்ட். முதலில் கல், பிறகு பெயிண்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

ஒரு புளி மண்டிக்காரர் வீட்டில் மாறியது.

பெரிய வீடு. உள்ளேயே மாடிப்படி, கருப்பு கிரானைட். கல் வந்து சேரத் தாமதம். வைகாசி முடிவதற்குள் புதுமனை புகுவிழா நடந்தாக வேண்டும். விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது, அதன்பின் ஆவணிதான். அதனால் கொத்தனார் விளிம்பு உருட்டாத பலகைகளை அப்படியே படியில் ஒட்டிவிட்டார். அதே சமயத்தில் பெயிண்டரும் சுவரை முடித்துவிட்டார். நாங்கள் போனபோது வீடு முழுக்கச் சந்தன நிறச் சுவர், படிகளின் விளிம்பு ரம்பம்போல் நிற்கிறது. ஏறுகிறவர்களின் காலைக் கிழிக்கும்.

வீட்டுக்காரம்மா சொன்னார்: "இங்க பாருங்க மேஸ்திரி, பெயிண்ட் முடிஞ்சிருச்சு. ஒரு சொட்டுத் தண்ணி சுவத்துல பட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"தண்ணி இல்லாமத் தேய்ச்சா தூசி பறக்குமுங்க" என்றார் மேஸ்திரி. அதுவரைக்கும் சொன்னார். அதை நான் மறைக்கவில்லை.

"பறந்தா பிளாஸ்டிக் கட்டிக்குங்க. தூசி ஹாலுக்கு வரக் கூடாது. சோபா வேற எறக்கியாச்சு."

மேஸ்திரி கழுத்தைத் தடவிக்கொண்டார். "சரிங்க" என்றார்.

படிக்கட்டைச் சுற்றி, தரையிலிருந்து மேல்தளம் வரை பிளாஸ்டிக் தாள் கட்டினார்கள். ஓரங்களில் டேப் ஒட்டினார்கள். படிக்கட்டில் ஒரு ஜன்னல் இருந்தது. வெளிச்சுவரிலும் பெயிண்ட் அடித்திருப்பதால் அதையும் மூடச் சொன்னார்கள். நான் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உள்ள இருக்கிறவன் எதை மூச்சு வுடுவான் மேஸ்திரி?"

"ஈரத்துண்டு கட்டிக்குவான் கண்ணு. கொஞ்ச நாளு வேலைதான."

"பலகைய பேத்து வெளிய போட்டு தேய்க்கலாமில்ல?"

"ஒட்டுன கல்லு, பேத்தா ஒடைஞ்சுரும்."

"ஒடைஞ்சா கல்லுதான?"

"கல்லுதானன்னு நீ சொல்ற. அவுங்க சொல்ல மாட்டாங்க" என்றார். அப்புறம், "நீ பூஜை ரூமு மார்பிளப் போய்ப் பாரு கண்ணு" என்று அனுப்பிவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருந்தால் ஆபத்து என்று சிலர் இப்போது சாக்கு சொல்கிறார்கள். உண்மைதான். அதற்கென்றே தண்ணீர்க் குழாய் வைத்த மிஷின் வருகிறது. வாங்குவதில்லை. அன்றைக்கு அந்தப் பேச்சே எழவில்லை. பேசியதெல்லாம் சுவரைப் பற்றித்தான்.

மாதையனே என்னைத் தேற்றினான். "வுடுக்கா. அடுப்புப் பொகையில பொறந்து வளந்தவன் நானு. இந்தத் தூசி என்னை என்ன பண்ணும்?" துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். டேப்பை ஒட்டினார்கள். கிரைண்டர் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. கருப்புக் கல்தான், ஆனால் அதன் தூசி வெள்ளை.

சாப்பாட்டுக்கு வெளியே வந்தான். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. துண்டு காய்ந்து விறைத்து நின்றது. பெயிண்டர் ஒருவர், "ஏம்பா மாதையா, விபூதி அபிஷேகமா?" என்றார். அவன் துப்பிவிட்டு, "தீர்த்தமலைக் கோயில்லகூட இவ்வளவு விபூதி குடுக்க மாட்டாங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

புகுவிழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்த சொந்தக்காரர்களிடம் வீட்டுக்காரம்மா படிக்கட்டுச் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவிக் காட்டினார். "பாருங்க, இங்கயே வெச்சுத்தான் படியத் தேய்ச்சாங்க. கையில ஒட்டுதா? ஒரு பொட்டுத் தூசி இல்ல." அவர் கை சுத்தமாக இருந்தது. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

அந்த ஒரு வீட்டோடு போயிருந்தால் மாதையன் இன்றைக்கு இருந்திருப்பான். போகவில்லை. விழாவுக்கு வந்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் அப்படியே கேட்டார்கள். மேஸ்திரிக்குப் பெயர் பரவியது. சுவர் நனையாமல் செய்கிற மேஸ்திரி. அதற்குப்பின் பெயிண்ட் முடிந்த வீடுகளுக்கே எங்களைக் கூப்பிட்டார்கள். சமையல் மேடையில் சிங்க் வைக்க ஓட்டை அறுப்பது, ஜன்னல் விளிம்பு, படிக்கட்டு, எல்லாமே தண்ணீர் இல்லாமல்தான், தாளைக் கட்டித்தான். உள்ளே போகிறவன் எப்போதும் மாதையன். நன்றாகச் செய்வான் என்பதால் அவனையே அனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் மேஸ்திரி என்னை வேறு அறைக்கு அனுப்பினார்.

முதலில் அவனுக்கு மலை ஏற முடியவில்லை. நடந்தே ஏறியவன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். பிறகு பஸ் படி ஏறுவதற்கே கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினான். உடம்பு உருகியது. டி.பி.யாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுவதும் சாப்பிட்டான், தேறவில்லை. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவன் மனைவி பச்சையம்மாள், அவன், நான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

"கல்லு தேய்க்கறங்க. கிரானைட்டு."

"தண்ணி ஊத்தியா, ஊத்தாமலா?"

மாதையன் என்னைப் பார்த்தான். "ஊத்தாமத்தாங்க" என்று நான் சொன்னேன்.

"கல் தூசி நுரையீரல்ல போய் உட்கார்ந்திருக்கு. அதை வெளியே எடுக்க மருந்து கிடையாதும்மா" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. பச்சையம்மாள் ஒன்றைத்தான் கேட்டாள்: "இது பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டுமாங்க?" "ஒட்டாது" என்றார்.

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்றால், செல்விக்குக் குழந்தை பிறந்திருந்தது. அப்பாவுக்கு டி.பி. என்று சம்பந்தி வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பச்சைக் குழந்தையோடு அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று செல்வியை அனுப்பவில்லை. டாக்டர் சொன்னதைப் போய்ச் சொன்னோம். நம்பவில்லை. "மேஸ்திரி வந்து சொல்லட்டும். அவர் கிட்டதான வேலை செஞ்சாரு? அவருக்குத் தெரியாததா?" என்றார் சம்பந்தி.

ஆக, மாதையனுக்கு வேண்டியிருந்தது மேஸ்திரி வாயால் ஒரு சொல். கல் தூசி என்று அவர் சொன்னால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகள் வருவாள். நான் மேஸ்திரி வீட்டுக்கு நடந்தேன். "பாக்கறேன் கண்ணு" என்றார். மறுபடி போனேன். "சொல்றேன் கண்ணு" என்றார்.

ஒரு நாள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக மாதையனைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். மாதையன் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"அந்தப் பீடிய வுட்டுரு சாமி" என்றார்.

மாதையன் முதலில் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. அடங்கியதும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக் கேட்டான். "மேஸ்திரி... நான் பீடி குடிச்சு... நீங்க பாத்திருக்கீங்களா?"

"எல்லாரும் சொல்றாங்களே சாமி."

"யாரு?"

மேஸ்திரி பழத்தை உரிக்க ஆரம்பித்தார். மாதையன் பீடி தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட மாட்டான். பீடிப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பிறகுதான் தெரிந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போன மேஸ்திரி, டி.பி.யா என்று அவர்கள் கேட்டதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, தூசி என்றும் சொல்லவில்லை. "பீடிப் பழக்கம், நெஞ்சு கெட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தூசி என்று சொன்னால், தூசிக்குள் அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி வருமே. அவர்கள் டி.பி.யும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள், பீடியோடு குடியும் இருக்கும் என்று தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். செல்வியை அனுப்பவில்லை.

அவனைப் புதைத்த அன்றைக்குத்தான் செல்வி வந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை. மேஸ்திரி மாலையோடு வந்தார். பச்சையம்மாள் அவரைப் பார்த்து அழக்கூட இல்லை. "தூசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்து, "சரிம்மா, சரிம்மா" என்றார். அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

இப்போது மண்டபத்தில் கைதட்டினவர்களில் அந்தச் சம்பந்தியும் ஒருவர். நான் பார்த்தேன். மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, அன்றைக்குத் தான் செய்தது சரிதான் என்று திருப்தியோடு கைதட்டினார். பச்சையம்மாள் பேத்தியை இன்னும் தெருவில் பார்த்தால் பார்ப்பதுதான். டி.பி. வீடு என்ற பேச்சு போகவில்லை.

எழுதுவதால் எதுவும் மாறும் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு புது வீடு எழும்புகிறது. சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். படிக்கட்டில் தாள் கட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து கிரைண்டர் ஓடுகிறது. போய்ச் சொன்னேன். தாளுக்கு உள்ளே இருந்தவன் கிரைண்டரை நிறுத்தி, "தெரியும் ஆயா, கொஞ்ச நாளு வேலைதான" என்றான். மறுபடி ஓட்டினான். வீட்டுக்காரர் என்னிடம், மார்பிளில் மஞ்சள் கறை போக என்ன போட வேண்டும் என்று கேட்டார்.

மேஸ்திரி வேடியப்பன் அவர்களே, நீங்கள் இந்தப் பத்திரிகையைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் வந்து கையைப் பிடித்துப் பேச வேண்டாம், பழம் வாங்கி வர வேண்டாம். அதே மண்டபத்தில் அடுத்த கூட்டம் கூடும்போது, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். பச்சையம்மாள் முன்வரிசையில் இருப்பாள். உங்கள் பழக்கக்காரரான சம்பந்தியைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அந்தப் படிக்கட்டில் தாளைக் கட்டி டேப் ஒட்டச் சொன்னது யார்? ஜன்னலை மூடியபின் உள்ளே யாரை அனுப்பினீர்கள்? அவன் பீடி குடித்து நீங்கள் பார்த்தது எந்த வீட்டில்? வீட்டைச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பேர் போதும், நானும் அந்த வீட்டில் மூலை தேய்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.